பூட்டிய கதவின் ஆட்சி

கண்டமங்கை நாட்டில் குறைகேட்பு அமைச்சரின் அறைச் சாவியைக் கிணற்றில் போட்டவன் நான்தான். அந்த அறைக்கு நான் வாயிற்காவலன். மீசை எப்படி இருக்கிறது என்று தண்ணீரில் குனிந்து பார்த்தேன். இடுப்பிலிருந்த சாவி நழுவிவிட்டது. மீசையும் அப்படியொன்றும் பார்க்கும்படியாக இல்லை.

அமைச்சர் மாமனார் ஊருக்குப் போயிருந்தார். பூட்டு திறக்கத் தெரிந்த ஒரே கொல்லரைக் கால்வாய் வெட்டப் பிடித்துப் போயிருந்தார்கள். குறை சொல்ல வந்தவர்களிடம் நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம்.

"ஐயா உள்ளதான் இருக்காரு. வெளியே நின்னே சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

சொன்னார்கள். அமைச்சராக இருந்தால் பாதிப் பேச்சில் கொட்டாவி விடுவார். கதவு கடைசிவரை கேட்டது. ஒருவருடைய காணாமல்போன எருமை அன்று மாலையே வீடு வந்து சேர்ந்தது. வந்து சேராத எருமைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. சில நாட்களில் கதவுக்கு மாலை விழுந்தது.

தினமும் வந்தவர்களில் உலகம்மை ஒருத்தி. அவள் மகன் நல்லக்கண்ணு கால்வாய் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவன். கரை சரிந்து ஆட்கள் புதைந்துபோனதாக ஊரில் பேச்சு. யார் யார் என்று அரசாங்கம் வாய் திறக்கவில்லை.

அமைச்சர் திரும்பியதும், தலை போனாலும் போகட்டும் என்று மன்னரிடம் உண்மையைச் சொல்லி, கதவை உடைக்க அனுமதி கேட்டேன். அமைச்சர் தொண்டையைச் செருமினார்.

"மன்னா, நான் உள்ளே இருந்தால் திட்டுகிறார்கள். இல்லாவிட்டால் கும்பிடுகிறார்கள். நிர்வாக நோக்கில், இல்லாதிருப்பதே ஆகச் சிறந்த சேவை."

"அப்படியானால் நானும் எழுந்து போகலாமா?" என்று மன்னர் ஆவலோடு கேட்டார்.

எல்லா அலுவலகங்களும் பூட்டப்பட்டன. மருத்துவசாலையும்தான். காய்ச்சல்காரர்கள் அதன் கதவில் நெற்றியைச் சாய்த்து நின்றார்கள்; மரம் குளிர்ச்சியாக இருந்ததால் சிலருக்கு இதமாகவும் இருந்தது. அடுத்த ஆணை: குறை சொல்லலாம், பதில் கேட்பது நம்பிக்கைக் குறைவு. அதற்கடுத்தது: நம்பிக்கை குறைந்தவர்கள் கால்வாய் வெட்டப் போக வேண்டும். மன்னரும் எழுந்து போய்விட, அவர் இடத்துக்குத் தேர்தல் வந்தது. எதிர்த்து நின்ற ஜன்னல் ஒன்று மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ள, கதவு போட்டியின்றித் தேர்வானது. என்னைத் தலைமைத் தொண்டனாக்கிப் பட்டு வேட்டி கொடுத்தார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகும் உலகம்மை நின்றிருந்தாள். "எம்புள்ள சோறு கேக்க வெக்கப்படுவான், நீதான் கேட்டுப் போடணும்" என்று கதவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"ஆத்தா, உள்ளே ஒருத்தரும் இல்லை. கால்வாய்ப் பக்கம் எனக்கு வேண்டியவர் இருக்காரு. உங்க பையன் இருக்கானா இல்லையான்னு விசாரிச்சுச் சொல்லவா?"

"மெதுவாப் பேசு தம்பி. உன்னையும் மண்ணு சுமக்க அனுப்பிடப் போறானுங்க."

"விசாரிக்கட்டுமா, வேண்டாமா?"

அவள் முந்தானையால் கதவின் தூசியைத் துடைத்தாள்.

"உள்ள ஆளில்லைன்னு மொத நாளே தெரியும். அமைச்சர் இருந்தா குறட்டை கேக்குமே."

"பிறகு ஏன் ஆத்தா தினம் இந்த வெயில்ல வர்றீங்க?"

"ஆள் இருந்தா, 'உன் மவன் போயிட்டான்'னு சொல்லிப்புடுவான். கதவு சொல்லாது. சொல்லாத வரைக்கும் எம்புள்ள இருக்கான். நீ விசாரிக்காத."