கீழ்ப்படியார் எழுதிய ஒரு வரி

கீழ்ப்படியாரைப் போல வேலைக்கு விண்ணப்பித்தவரும் இலர்; வேலை கொடுப்பவரை அலறவைத்தவரும் இலர். செருக்கினால் வாழ்வைக் கெடுத்துக்கொண்டவர் என்று அண்மையில் ஒரு நண்பர் அவரைக் குறித்துச் சொன்னார். அவ்வுரை நிலைத்துவிடலாகாது, ஆகவே இதனை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், திருவரங்கத்து வடக்குச் சித்திரை வீதியில் ஒரே அறையில் தங்கி, நாங்கள் இருவரும் வேலை தேடிக்கொண்டிருந்தோம். அக்கால விண்ணப்பம் எதுவாயினும் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்றே முடிதல் வேண்டும். அவ்வரியை அவர் எழுத மாட்டார். கீழ்ப்படியார் என்ற பெயர் வந்தது அதனால்.

நேர்காணலில் ஓர் அதிகாரி, “கடைசி வரி எங்கேய்யா?” என்றார்.

“நீங்க இன்னும் வேலையே குடுக்கலீங்களே சார்! அதுக்குள்ள ஊழியன்னு எழுதினா பொய்யாயிடாதா?”

மூன்றே நிமிடத்தில் வெளியே வந்தார். அது பதினோராவது மறுப்பு. மறுப்புக் கிடைத்த நாளில் திருச்சியிலிருந்து பேருந்து ஏறார், நடப்பார். சிந்தாமணியில் தொடங்கும் வசை, காவிரிப் பாலத்தில் உச்சமடைந்து, மாம்பழச்சாலையில் அடங்கும். அறைக்குள் நுழைந்ததும், “ஆத்திரமெல்லாம் பாலத்தோட சரி புலவரே! அடுத்த பேப்பரை எடுங்க” என்று மைக்கூட்டைத் திறப்பார். ‘புலவர்’ என்பது என் செந்தமிழ்ப் பித்துக்கு அவர் சூட்டிய பட்டம்.

எனக்கோ பாலம் பயன்படவில்லை. மூன்றாம் மறுப்பிலேயே சுவர்ப்புறம் திரும்பிப் படுத்துவிட்டேன். நான்கு நாள். ஓர் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பிக்க மறுநாளே கடைசி.

“எழுந்திருங்க புலவரே!”

“விடுங்க. எழுதி என்ன ஆகப்போகுது? மறுபடி வேண்டாம்னுதான் சொல்லுவான்.”

“சொல்லட்டுமே! வேண்டாம் வேண்டாம்னு எழுதி அவன் கைதான் வலிக்கட்டும். நாம ஏன் படுக்கணும்?”

நான் அசையவில்லை. அவரே எழுதினார். தாளை மடித்துத் தலையணையருகே நீட்டினார்.

“படிக்க வேணாம். கையெழுத்தையாவது போடுங்க.”

படியாமலே கிறுக்கினேன். உச்சி வெயிலில் பாலம் கடந்து, திருச்சி அலுவலகத்தில் நேரிலேயே சேர்த்துவிட்டு வந்தார். அன்று வசை இல்லை.

எனக்கு அவ்வேலை கிடைத்தது. சில மாதங்கழித்து, அலுவலகத்தில் என் கோப்பையே புரட்ட நேர்ந்தது. முத்து முத்தான அவர் எழுத்து. அடியில், ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்.’

தமக்காக அவ்வரியை அவர் கடைசிவரை எழுதவில்லை. அதனைக் கேளாத ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக, தலை நிமிர்ந்தே அமர்ந்தார். செருக்காம்!

நாளிலோ எண்ணிக்கையிலோ நான் பிழைபட்டிருப்பின், அறிந்த அன்பர்கள் திருத்துக. அந்த ஒரு வரியை மட்டும் தொட வேண்டா. அது எனக்காக எழுதப்பட்டது.