பத்துமலை பிரவுசர் மாற்றினார்

பெயர் பத்துமலை. பெற்றவர்கள் முருகனை நினைத்து ஆசை ஆசையாய் வைத்த பெயர். ஆளுக்கோ ஊசி என்றால் ஆகாது. சீனி டெஸ்ட்டுக்கு விரல் நுனியில் ஒரு குத்து வைத்தாலே புந்தோங் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி "முருகா!" என்று அலறுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குக் கன்னத்தில் வேல் ஏறப் போகிறது என்றால் சோறு தொண்டையில் இறங்குமா?

எல்லாம் மகள் தர்மினியின் கார் லைசென்ஸால் வந்த வினை. நாலு தடவை டெஸ்ட்டுக்குப் போய், நாலு தடவையும் மேட்டில் காரைப் பின்னால் உருட்டியவள், ஐந்தாவது தடவை பாஸாகிவிட்டாள். அன்று சாயங்காலம் அவர் மனைவி தினேஸ்வரி சாமி படத்துக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஏங்க, பிள்ள பாஸாகணும்னு உங்க பேருல ஒண்ணு வேண்டியிருந்தேன். தைப்பூசத்துக்கு நீங்கதான் செலுத்தணும்."

"என் பேருலயா?"

"பின்ன, அடுத்த வீட்டுக்காரரு பேருலயா?"

என்ன வேண்டுதல் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா என்ன? தினேஸ்வரியின் அண்ணன்மார் மூன்று பேரும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த வீராதி வீரர்கள். வருஷா வருஷம் அவர்கள் கன்னத்தில் இந்தப் பக்கம் நுழைகிற வேல் அந்தப் பக்கம் வந்து ஊரைப் பார்க்கும். அந்தக் குடும்பத்தில் வேண்டுதல் என்றால் அலகுதான்.

பத்துமலை கண்ணாடி முன் போய் நின்றார். ஐம்பத்து நாலு வயது. நெற்றியில் ஒரு இழை குறையாத முடி. மாதம் ஒரு தடவை மை, தினம் மூன்று தடவை சீப்பு. அந்த முடியைத் தொடுகிற உரிமை பெற்ற மகளுக்குக்கூடக் கிடையாது. இவ்வளவு அழகான முடிக்குக் கீழே இருக்கிற கன்னத்திலா ஓட்டை போடுவது?

வீட்டுக்கு ஒரே லேப்டாப். சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் பொதுவாய்க் கிடக்கும். தினேஸ்வரி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரம் பார்த்து அதன் முன் உட்கார்ந்தார். 'அலகு குத்தினால் வலிக்குமா.' 'அலகு எவ்வளவு நீளம்.' 'அலகு குத்த எத்தனை நாள் விரதம்.' வந்த வீடியோ ஒவ்வொன்றுக்கும் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்.

வெள்ளிக்கிழமை அவியல் செய்முறை தேடலாம் என்று தினேஸ்வரி 'அ' என்று ஒரே ஒரு எழுத்துத் தட்டினாள். அடியில் அவர் தேடினதெல்லாம் அலகு, அலகு, அலகு என்று வரிசை கட்டி நின்றது. பத்துமலை பாய்ந்து வந்து லேப்டாப்பை மூடினார்.

"என்னாங்க இது?"

"சூடாயிருச்சு தினேஸ். ரொம்பச் சூடு. வெடிச்சிரும்."

தினேஸ்வரி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்படியே அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பழசை அழித்துவிடலாம்தான். போன வருஷம் அப்படி அழிக்கப் போய், அவளுடைய பாஸ்வேர்டு எல்லாம் சேர்ந்து போய், அவள் சீரியல் பார்க்க முடியாமல், இவருக்கு இரண்டு நாள் வெறும் ரொட்டி. அதனால் பழசில் கை வைப்பதில்லை; இனிமேல் தேடுவதற்கு, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத வேறு பிரவுசர் ஒன்றைப் பிடித்தே தீருவது என்று சபதம் செய்தார். அலகிலிருந்து தப்பிக்க வழி தேடியாக வேண்டுமே!

பக்கத்து வீட்டு தர்மா கைப்பேசி ரிப்பேர் கடை வைத்திருப்பவன். தினேஸ்வரியை அக்கா என்று கூப்பிடுவதால் இவருக்கு மச்சான் முறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலியோரம் அவனைப் பிடித்தார்.

"தர்மா, நான் தேடுறத யாருகிட்டயும் சொல்லாத பிரவுசரு வேணும்டா."

"அக்காவுக்குத் தெரியாமயா மச்சான்?"

"ஷ்ஷ்! மெதுவா லா!"

"நரி படம் போட்டது ஒண்ணு இருக்கு."

"நரியா? வேணாம்டா, நம்ப முடியாது."

"சிங்கம் போட்டதும் இருக்கு."

"தினமும் வீட்டுல ஒண்ணப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். போதும்."

"அப்ப வெங்காயம்? உரிக்க உரிக்கத் தோலுதான். உள்ள யாரு இருக்கான்னே தெரியாது. ஆனா கொஞ்சம் மெதுவாப் போவும்."

"அவ பாசாருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நான் முடிக்கணும்டா!"

தர்மா கன்னத்தைச் சொறிந்தான். "அப்ப உங்களுக்கு வாத்துதான் சரி மச்சான். இங்க பாருங்க, நெருப்புப் படம் போட்ட பட்டன். ஒரு அமுக்கு, தேடுனதெல்லாம் சாம்பல். ஒவ்வொரு தடவையும் எரிச்சிருங்க. ஒரு தூசி மிஞ்சக் கூடாது."

வாத்து வந்தது. பத்துமலைக்கு உயிரும் கொஞ்சம் திரும்பி வந்தது. 'வேண்டுதலை மச்சினன் செலுத்தலாமா.' எரித்தார். 'அலகுக்குப் பதில் எத்தனை தேங்காய்.' எரித்தார். 'ஊசி பயத்துக்கு டாக்டர் கடிதம்.' எரித்தார். 'ஏமாற்றினால் முருகன் என்ன செய்வார்.' இதை மட்டும் பயந்து பயந்து இரண்டு தடவை எரித்தார். வழி ஒன்றும் கிடைத்தபாடில்லை. தைப்பூசம் மட்டும் ஒவ்வொரு நாளாய்க் கிட்டே வந்துகொண்டிருந்தது.

பத்து நாள் இருக்கையில், தினேஸ்வரி கோப்பி கலக்கிக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள். குரலில் தேன்.

"எல்லாம் பாத்தேங்க. அலகு பத்தி எவ்வளவு தேடியிருக்கீங்க! விரதம் எத்தனை நாளுன்னு வரைக்கும்! நான் வாயத் திறக்குறதுக்கு முந்தியே நீங்க தயாராயிட்டீங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பெரியண்ணன்கிட்ட சொல்லிட்டேன். ஆறடியில வேலு கொண்டாறேன்னாரு."

"ஆறடியா! நானே அஞ்சரைதான் தினேஸ்!"

"முருகன் தாங்கிக்குவாரு."

"ஐயோ, அது ஆசையில தேடுனதில்ல! பயத்துல தேடுனது! அப்புறம் முழுக்கத் தப்பிக்கத்தான் வழி தேடுனேன்!"

"சும்மா அடக்கமாப் பேசாதீங்க."

"சத்தியமா லா! இரு, காட்டுறேன்!" லேப்டாப்பை இழுத்து வாத்தைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று ஒரு பக்கம்.

"ஒண்ணுமே இல்லியே?"

"எரிச்சிட்டேன்."

"என்னத்த?"

"தேடுனத."

தினேஸ்வரி திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "முருகனுக்கு மயிலு. உங்களுக்கு வாத்து. அதுவும் உங்களுக்குச் சாட்சி சொல்ல மாட்டேங்குது."

பத்துமலைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆம்பிளை என்ற வீறாப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. "எனக்குப் பயமா இருக்கு தினேஸ். ஊசியக் கண்டாலே உசுரு போயிருது. வேற எது வேணாலும் குடுக்குறேன். நூத்தியெட்டுத் தேங்கா?"

"தேங்காயில தீர்ற வேண்டுதலா இது?"

"பால்குடம்?"

"அது நான் தூக்குறேன். நீங்க உங்க உடம்புலேர்ந்து எதையாச்சும் குடுக்கணும்."

பத்துமலை தன் உடம்பை மேலும் கீழும் துழாவினார். நகம்? சாமி சிரிப்பார். பல்லு? அதற்கும் ஊசி போடுவார்கள். கை தானாய்த் தலைக்குப் போனது. அந்தக் கருகரு முடிக்குள் விரல் நுழைந்த நிமிஷம், முப்பது வருஷமாய்க் கட்டிக்காத்தது அவருக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

"மொட்டை! மொட்டை போட்டுக்கிறேன் தினேஸ்! மீசையும் சேத்து எடுத்துக்க!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் நான் கட்டாயப்படுத்தினேன்னு பேரு வரும்."

"உன் கால்ல விழட்டுமா?"

"சரி சரி, அதெல்லாம் வேணாம். உங்க முகத்துக்காக ஒத்துக்குறேன்."

தைப்பூசத்தன்று கல்லுமலை முருகன் கோயில் அடிவாரத்தில் பத்துமலையின் முடி கொத்துக் கொத்தாய் விழுந்தது. மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பக்கத்தில் அலகோடு போன மூத்த மச்சினரைப் பார்த்துத் தன் இரண்டு கன்னத்தையும் தடவிக்கொண்டார். எதிரில் தர்மா வந்து நின்றான்.

"ஆலாமாக்! மச்சான், அடையாளமே தெரியல! வாத்து நல்லா வேல செஞ்சிருக்கு!"

"வாத்துக்கும் இதுக்கும் என்னடா?"

"மச்சான் வந்து கேட்டா வாத்தக் குடு, எல்லாத்தையும் எரிக்கச் சொல்லுன்னு அக்காதான சொன்னாங்க."

பத்துமலை மெதுவாய்த் திரும்பினார். தினேஸ்வரி அவர் மொட்டைத் தலையில் சந்தனத்தை நிதானமாய்ப் பூசிக்கொண்டிருந்தாள்.

"தினேஸ்... அப்ப அந்த அலகு?"

"அலகுதான் வேண்டுதல்னு நான் எப்பங்க சொன்னேன்? நான் வேண்டிக்கிட்டதே உங்க முடியத்தான். நேராக் கேட்டா குடுத்திருப்பீங்களா?"