நூற்றுக்கு நூறு வாங்கிய விஷமிறக்கி

மீன் பண்ணையின் மூன்றாம் குளத்துக் கரையில் விடிந்ததுமே கூட்டம். விஷமிறக்கி தினமும் வந்துவிடுவார். கூடையைத் திறந்து, உடம்பெல்லாம் கட்டம் போட்ட பாம்பொன்றைத் தூக்குவார். அது கழுத்தைத் தட்டையாக்கிச் சீறும். "நீர்நாகம்" என்பார். கையை நீட்டுவார். கடிக்கும். கண்மூடி முணுமுணுப்பார். சாகமாட்டார். கூட்டம் வாயைப் பிளக்கும்.

பண்ணையில் கடிபட்டு அவரிடம் போன நாற்பது பேரும் பிழைத்தார்கள். வினாத்தாளை நாமே எழுதிக்கொண்டால் மதிப்பெண் குறையுமா என்ன?

அவர் கூடையில் இருந்ததும் குளத்தில் கடித்ததும் தண்ணீர்ப்பாம்பு. தவளையும் மீனும் தின்னும். வலையில் சிக்கினால் எடுத்துவிடுகிறவரையே கடிக்கும். பல் உண்டு, விஷம் இல்லை. நாகத்திடமிருந்து அதற்கு வாய்த்தது கோபம் மட்டும்.

வலை அலசும் பெண்ணை அது பத்துத் தடவையாவது கடித்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தாள். அதை யாரும் அற்புதம் என்று சொல்லவில்லை.

ஒருநாள் அவள் கணவனைப் பாம்பு கடித்தது. குளத்தில் அல்ல, தீவனக் கிடங்கில். மூட்டையை நகர்த்தும்போது காலில். பாம்பின் மேல் மீன் கூடையைக் கவிழ்த்து, மூட்டையை ஏற்றிவிட்டுத்தான் அவன் உட்கார்ந்தான். அவன் அம்மா ஓடிப்போய் விஷமிறக்கியை அழைத்துவந்தாள்.

"நீர்நாகம்தான். இறக்கிடறேன். ஆஸ்பத்திரி ஊசி பட்டா மந்திரம் முறிஞ்சுடும்."

ஐஸ் வண்டியை எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டுத் திரும்பினாள் மருமகள்.

"அத்தை, தண்ணிப்பாம்பு கடிச்சா சீப்பு குத்தின மாதிரி வரிசையா இருக்கும். இங்க ரெண்டே ஓட்டை. கால் வேற வீங்குது."

"நாப்பது பேரைக் காப்பாத்தினவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுபோச்சு?"

"சரி, அவரே காட்டட்டும். கடிச்சது இந்தக் கூடைக்குள்ளதான் இருக்கு. ஐயா, தினமும் நீட்டுற கைதானே. இதுலயும் விடுங்க. விட்டுட்டா இவரை உங்ககிட்டயே ஒப்படைச்சுடறேன்."

கூடைக்குள்ளிருந்து குக்கர் மூச்சு விடுவதுபோல் சத்தம் வந்தது. விஷமிறக்கி சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இப்ப நேரம் சரியில்லை."

"அவரு காலுக்கு மட்டும் சரியா இருந்துச்சா?"

மாமியாருக்கு அப்போதும் நம்பிக்கை போகவில்லை. கெஞ்சினாள்.

"ஒரு விரலாச்சும் விடுங்க ஐயா. இவ வாயை அடைக்கணும்."

ஐயா ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. மாமியார் அந்தக் கால்களையே பார்த்தாள். பிறகு மகனின் காலைப் பார்த்தாள்.

"டிரைவர் தம்பி, வண்டியைக் கிட்டக் கொண்டாப்பா" என்றாள்.

கடித்தது கண்ணாடி விரியன். ஊசி போட்டு, எட்டு நாள் கழித்து அவன் நொண்டிக்கொண்டே வீடு வந்தான். விஷமிறக்கி அதற்கு முன்பே, நொண்டாமல், ஊரைவிட்டுப் போயிருந்தார்.

மூன்றாம் குளத்தில் பாம்புகள் இன்னும் கடிக்கின்றன. கடிபட்டவர்கள் இன்னும் நூற்றுக்கு நூறு பிழைக்கிறார்கள், முணுமுணுக்க ஆளில்லாமலே.

அற்புதம் செய்கிறவரைத் தாராளமாகக் கும்பிடுங்கள். அதற்கு முன், அவர் கொண்டுவராத கூடை ஒன்றில் கையை விடச் சொல்லுங்கள்.