கலப்பத்து போட்ட வீடு

ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டு, மெஸ்ஸில் சாப்பிட்ட சோறு நெஞ்சிலேயே நிற்க, மத்தியானம் கொஞ்சம் கட்டிலில் சாய்ந்த கிளாட்வினின் காதுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

அவன் எழுந்திருக்கவில்லை. கட்டிலை நகர்த்தலாம் என்றால் அந்த அறையே கட்டிலளவுதான். மேலே மச்சில், வருடா வருடம் எந்த இடத்தில் ஒழுகுமோ அதே இடத்தில்தான் இந்த வருடமும் ஒழுகிக்கொண்டிருந்தது. அடுப்படி ஒழுகாது. வராந்தா ஒழுகாது. பழைய பாய் சுருட்டி வைத்திருக்கிற மூலைகூட ஒழுகாது. ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்ததும், புருஷனும் பெண்டாட்டியும் தலை வைத்துப் படுக்கிற இடத்தில் மட்டும் ஒழுகும்.

பெண்டாட்டி பிளாரன்ஸ் இப்போது அங்கே இல்லை. மணப்பாட்டில், அவள் அம்மா வீட்டில் இருந்தாள்.

கிளாட்வினுக்குத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா வேலை. பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிற விஷயத்தில் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போகட்டுமா என்று அவள் கேட்டால், "புதுத் துறைமுகத்துல கப்பல் நிக்கி. எனக்கு யாரு சோறு பொங்குவா?" என்பான். தங்கை பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பச் சொன்னான். அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்று அவள் சொன்னபோது, "வயசானா எல்லாருக்கும் வாரதுதானே" என்று பேப்பரைப் புரட்டினான்.

ஒழுக்குக்கு மட்டும் மறுபேச்சு கிடையாது. ஈரத்தில் படுத்தால் அவளுக்கு இருமல் வரும். அவனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிடுவான். மழை ஓய்ந்ததும் கொத்தனாரை வைத்து ஓட்டையில் ஒரு கை சுண்ணாம்பு அப்பிவிட்டு, அவளை அழைத்துக்கொள்வான்.

இந்த வருடம் அவள் பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டாள். "ஒழுக்கு முழுசா நின்னாத்தான் வருவேன். கிறிஸ்மஸ் ஆனாலும் சரி. நீங்க நின்னுட்டுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். இசக்கித்தாய் பாத்துச் சொல்லட்டும்."

இசக்கித்தாய் வீட்டு வேலைக்கு வருகிறவள். முற்றம் பெருக்குவது, மாடியில் விழுகிற முருங்கை இலையை அள்ளுவது, மழைக்கு முன்னால் முருங்கைக் கிளையைக் கழிப்பது எல்லாம் அவள்தான்.

கிளாட்வினுக்குப் பெண்டாட்டியை ரொம்பத் தேடியது. ஆபீசிலிருந்து வந்து பூட்டைத் திறந்தால், உள்ளே இருட்டும் ஈரச் சுண்ணாம்பு வாடையும்தான் வா என்றன. கிறிஸ்மஸுக்கும் அவள் வராவிட்டால் என்ன செய்வது? மழை ஓயட்டும் என்று இருக்க முடியாது. இப்போதே அடைக்க வேண்டும், தானே அடைக்க வேண்டும் என்று முடிவு செய்தான்.

விதி அங்கேதான் சிரித்தது.

சுண்ணாம்பு வாங்கினான். மணல் சலித்தான். குழாயில் வருகிற நல்ல தண்ணீர் குடிக்கவே காணாது என்று, முற்றத்துக் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குழைத்து, மாடியில் ஏறி அப்பிவிட்டு வந்தான். தூத்துக்குடிக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். சுண்ணாம்புக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டான்.

மறுவாரம் ஓட்டை மட்டுமல்ல, அதைச் சுற்றி ஒரு பாயளவுக்கு மச்சு வேர்த்தது. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, மெஸ்ஸிலிருந்து வாங்கி வந்த சோற்றில் உதிர்ந்தது.

"மெஸ்காரன் உப்பு போட மறந்தாலும் கவலையில்ல அண்ணாச்சி" என்றாள் இசக்கித்தாய்.

கொத்தனார் நல்லக்கண்ணு வந்து பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"உப்புத் தண்ணியிலயா குழைச்சிய? இனி இதுமேல எதப் பூசினாலும் நிக்காது. பழசப் பூராவும் கொத்தி எடுக்கணும்."

"எவ்வளவு கொத்தணும்?"

"நல்ல இடம் வார வரைக்கும்."

நல்ல இடம் வரவே இல்லை. கொத்தக் கொத்த உப்பாகவே வந்தது. சாயங்காலம் மாடியில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்தது. அடியில் கட்டைகள் தெரிந்தன. "நாளைக்கு வந்து பூசிருதேன்" என்று சொல்லிவிட்டு நல்லக்கண்ணு சைக்கிளில் ஏறினார்.

மறுநாள் அவர் வரவில்லை. அவருக்குச் சொந்த ஊர் கொற்கைப் பக்கம். அங்கே மழை விழுந்து வயலில் தண்ணீர் கட்டிவிட்டதாம். நடவுக்குப் போய்விட்டார். இசக்கித்தாய்தான் விசாரித்து வந்து சொன்னாள்.

"நட்டு முடிச்சாத்தான் வருவாராம் அண்ணாச்சி."

"எப்ப முடியும்?"

"அவருக்கு மட்டுமா, மச்சானுக்கும் சேத்து நடணுமாம்லா."

அன்றைக்குப் பெய்த மழையில் கட்டில், மெத்தை, பிளாரன்ஸ் கல்யாணச் சேலை வைத்திருந்த அலமாரியின் அடித்தட்டு எல்லாம் நனைந்தன. கிளாட்வின் அந்தச் சேலையை எடுத்து வராந்தாக் கொடியில் உலர்த்தினான். உலர்த்திவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். பேசாமல் வீட்டை விற்றுவிட்டு மணப்பாட்டிலேயே போய் வலை பின்னலாமா என்று தோன்றியது. அவனுக்கு வலை பின்னத் தெரியாது என்பது ஞாபகம் வந்ததும் இன்னும் அழுகை வந்தது.

அப்போதுதான் ஜேசுபாதம் அண்ணாச்சி நினைவுக்கு வந்தார். கடற்கரையில் தோணிகளுக்குக் கலப்பத்து போடுகிறவர். பலகைக்குப் பலகை நடுவே உள்ள இடுக்கில் நாரைத் திணித்து, மேலே கீல் என்கிற தாரைக் காய்ச்சி ஊற்றித் தண்ணீர் புகாமல் அடைப்பதுதான் கலப்பத்து. அவர் கை பட்ட தோணி கொழும்புக்கு உப்பு ஏற்றிப் போய், ஒரு மூட்டை நனையாமல் திரும்பும். கடலையே வெளியே நிறுத்துகிறவருக்கு மழை எம்மாத்திரம்?

ஜேசுபாதம் வந்து பள்ளத்தில் குனிந்து, பழைய ஓட்டை இருந்த இடத்தில் மிச்சம் நின்ற கட்டையைத் தடவிப் பார்த்தார். அதில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை.

"தம்பி, இது மழை அரிச்ச ஓட்டை இல்ல. மழை அரிச்சா கோணல்மாணலா இருக்கும். இது பாரு, உருண்டையா, வழுவழுன்னு இருக்கு. இது புழு."

"புழுவா?"

"கடல் புழு. தோணி மரத்தை இப்பிடித்தான் குடையும்."

"கடல் புழு எப்பிடி அண்ணாச்சி மச்சுக்கு வரும்?"

"தோணிக்கு எப்பிடி வந்துதுன்னு அதுகிட்ட நான் கேட்டதில்ல. வந்தா அடைப்பேன்."

பக்கத்தில் முருங்கை இலையை அள்ளிக்கொண்டிருந்த இசக்கித்தாய்க்குத் திடீரென்று பலமாக இருமல் வந்தது. இவளுக்கும் ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று கிளாட்வின் கவலைப்பட்டான்.

ஜேசுபாதம் இரண்டு நாள் வேலை பார்த்தார். நாரைத் திணித்தார். கீலை ஊற்றினார். பள்ளத்தை மட்டமாக்கினார். புழு பரவாமலிருக்க மாடித் தளம் முழுக்கச் சுறா எண்ணெய் பூசினார். கடைசியில், மழைத் தண்ணீர் வெளியே போவதற்காகக் கைப்பிடிச் சுவரின் அடியில் இருந்த தூம்பையும் நாரும் கீலுமாக அடைத்துவிட்டார்.

"இதை ஏன் அண்ணாச்சி அடைச்சிய?"

"ஓட்டைய அடைக்கத்தானே கூப்பிட்ட? தண்ணி நிக்கிற இடத்துல ஓட்டைய வச்சிக்கிட்டு எவனாவது கடல்ல போவானா?"

அவர் சொன்ன தோரணையில் கிளாட்வினுக்கும் அது நியாயமாகவே பட்டது.

முதலில் பூனைகள் வந்தன. எண்ணெய் வாடைக்குத் தெருப் பூனை, அடுத்த தெருப் பூனை, மீன் ஏலம் போடுகிற இடத்துப் பூனை என்று மாடியே நிறைந்தது. பிறகு காக்கைகள் வந்தன. பிறகு அடுத்த வீட்டு விக்டோரியா அக்கா வந்தாள்.

"ஏல கிளாட்வின், மேல என்னத்தப் போட்டு அழுக வச்சிருக்க? என் மருமவ மாசமா இருக்கா, காலைலருந்து வாந்தி எடுக்கா."

"வீட்டுக்குக் கலப்பத்து போட்டிருக்கேன்க்கா."

விக்டோரியா அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பிளாரன்ஸு எப்பல வருவா?" என்று கேட்டாள். கோபம் போய், பரிதாபம் வந்துவிட்ட குரல் அது. அதுதான் அவனை ரொம்பச் சுட்டது.

பிறகு மழை வந்தது. இரவும் பகலும் ஓயவில்லை. கிளாட்வின் லீவு போட்டுவிட்டு, கட்டிலில் மல்லாந்து படுத்து, மச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொட்டு விழவில்லை. அவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

அப்போது மச்சு முனகியது.

முதலில் பூனை என்று நினைத்தான். மறுபடியும் முனகியது. இந்தத் தடவை நடுக்கட்டை லேசாக இறங்கியதைக் கண்ணால் பார்த்தான். துள்ளி எழுந்து கதவை இழுத்தான். மேலே இறங்கிய பாரத்தில் நிலை இறுகி, கதவு அசைய மறுத்தது.

"ஏளா இசக்கித்தாய்! கதவு திறக்கல!"

"மாடிக்குப் போயிப் பாத்திட்டு வாரேன் அண்ணாச்சி" என்று ஓடினவள், போன வேகத்தில் திரும்பினாள். "மாதாவே! மேல கம்மாயா கெடக்கு! முழங்கால் தண்ணி!"

"கதவத் திறளா முதல்ல!"

தெருக்காரர்கள் வந்து கதவை இடித்துத் திறந்தார்கள். கிளாட்வின் வெளியே பாய்ந்து, தூம்பைக் குத்தித் திறக்க எதையாவது தேடினான். கிணற்றடியில் ஒரு நீளக் கம்பி சாத்தியிருந்தது. எடுக்கப் போனான்.

"ஐயோ, அது எதுக்கு அண்ணாச்சி!" என்று இசக்கித்தாய் ஓடி வந்து பிடுங்கினாள். "அது... அது துருப்பிடிச்சதுல்லா. கையக் கிழிச்சிரும்."

வேறு ஒரு கம்பியை வாங்கிக் குத்தினான். கீல் அசையவில்லை. கொழும்பு வரை போய் வருகிற கலப்பத்து அல்லவா?

ஒரு குடம் நல்ல தண்ணீருக்குக் குழாயடியில் மண்டையை உடைத்துக்கொள்கிற ஊர் அது. மாடி நிறைய மழைத் தண்ணீர் என்று கேள்விப்பட்டு, தெருப் பெண்கள் குடங்களோடு ஓடி வந்தார்கள். ஏணியில் ஏறினார்கள். மோந்து பார்த்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த வழியே இறங்கிப் போனார்கள்.

கிளாட்வின் தனியாக நின்று, முழங்கால் தண்ணீரில் சுறா எண்ணெய் மிதக்க, ஒரு வாளியை வைத்து இறைத்தான். மேலே மழை கொட்டியது. கைப்பிடிச் சுவர் நெடுகப் பூனைகள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. இறைத்துக்கொண்டே அழுதான். மழையில் யாருக்கும் தெரியாது என்கிற தைரியத்தில் நன்றாகவே அழுதான். 'பிளாரன்ஸ், நீ வரவே மாட்டாய்' என்று மட்டும் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

ஜேசுபாதத்தையே மறுபடி கூப்பிட்டுத்தான் தூம்பைத் திறக்க வேண்டியிருந்தது. "ஓட்டைய அடைக்கச் சொல்லுத, திறக்கச் சொல்லுத. ஒனக்கு ஒரு நிதானம் கிடையாதா தம்பி?" என்று அவர் கோபித்துக்கொண்டார். தச்சர் வந்து நடுக்கட்டைக்கு முட்டுக் கொடுத்தார். நட்டு முடித்துத் திரும்பிய நல்லக்கண்ணு, இந்தத் தடவை நல்ல தண்ணீரில் குழைத்து, கீலுக்கு மேல் ஓடு பதித்துப் பூசினார்.

அடுத்த மழையில் சொட்டு விழவில்லை. மச்சு முனகவில்லை. பூனைகளும் சலித்துப்போய்க் கிளம்பிவிட்டன.

"போய்ச் சொல்லுளா, நின்னுட்டுன்னு" என்றான் கிளாட்வின்.

"இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்காப்பில இருக்கே அண்ணாச்சி."

"எங்கன இருக்கு? காட்டு!"

இசக்கித்தாய் ஏணி வைத்து ஏறி, தடவித் தடவிப் பார்த்தாள். காட்டுவதற்கு ஒன்றுமில்லை. "ஆமா, காஞ்சிட்டு" என்றாள், வீட்டில் யாரோ தவறிப்போன மாதிரி.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் பிளாரன்ஸ் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அவள் வந்த நேரம் மழையும் பிடித்துக்கொண்டது. கிளாட்வின் அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், கட்டிலில் உட்கார வைத்து, மேலே பார்க்கச் சொன்னான். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"பூராவும் அடைச்சாச்சா?"

"பூராவும்."

"வாற வருசமும் ஒழுகாதா?"

"தோணிக்குப் போடுத கலப்பத்து. நாம ரெண்டு பேரும் செத்த பிறகும் ஒழுகாது. இனி நீ வருசா வருசம் மணப்பாட்டுக்கு அலைய வேண்டாம் பிளாரன்ஸு. எப்பவும் இங்கனயே இருக்கலாம்."

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. கிளாட்வினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பட்ட பாடெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் கரைந்துபோயிற்று. ஒரு வீட்டுக்காரன் தன் பெண்டாட்டிக்கு வேறென்ன செய்துவிட முடியும்?

மழை வெறித்ததும், தூம்பில் முருங்கை இலை அடைத்துவிடக் கூடாதே என்று, உற்சாகமாகச் சீட்டியடித்தபடி மாடிக்கு ஏறினான். குனிந்து இலையை வழித்தான். தூம்புக்கு நேர் கீழே கிணற்றடி. பிளாரன்ஸின் குரல் கேட்டது.

"அம்மைக்கு இப்பக் கண்ணு சுத்தமாத் தெரியலளா. குரலை வச்சித்தான் நான்னு கண்டுபிடிக்கா. இனி என்ன சொல்லி நான் அங்க போவேன்?"

கிளாட்வினின் சீட்டி நின்றது.

"அழாதியக்கா" என்றாள் இசக்கித்தாய். "வருசா வருசம் புரட்டாசியில நான் மேல ஏறிக் குத்துத கம்பி இந்தக் கீல்ல இறங்காது, அது வாஸ்தவந்தான். வாற வருசத்துக்கு எங்க அண்ணங்கிட்ட கடப்பாரை வாங்கியாரேன்."