கைத்துப்பாக்கி பாலம் தாண்டாது

அன்புள்ள தங்கை பெர்னீஸுக்கு, அண்ணன் எல்வுட் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர நானும் நார்மாவும் நலம். உன் வீட்டில் அந்தக் குரைக்கிற நாய் உட்பட எல்லோரும் நலமாயிருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.

நம் தம்பி ரஸ்ஸல் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் மகள் லோரெலைக் கைபிடித்து சர்ச்சில் நடத்திக்கொண்டு வருவது பெரியப்பன் நான்தான், அதில் மாற்றமில்லை. அவள் ஆசைப்பட்டுக் கேட்ட நம் அம்மாவின் மோதிரத்தையும் நானே கொண்டு வருகிறேன். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், உங்கள் நியூ ஜெர்சி மாநிலத்தில், அதுவும் மான் வேட்டை தொடங்குகிற சனிக்கிழமையாகப் பார்த்துக் கல்யாணம் வைத்தது நியூ ஜெர்சிக்காரன் புத்தி, அதைக்கூட மன்னித்துவிட்டேன். ஆனால் "துப்பாக்கியோட வந்தா வாசல்லயே நிறுத்திடுவேன்" என்று போனில் சொன்னாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ரொட்டி வண்டி ஓட்டிய காலத்தில் என்னை அடித்துப்போட்டுப் பையைப் பிடுங்கினார்களே, அன்றிலிருந்து துப்பாக்கி என் இடுப்பில்தான் இருக்கிறது. அது இல்லாமல் வெளியே போனால் பேன்ட் போட மறந்த மாதிரி கூச்சமாக இருக்கிறது. எங்கள் பென்சில்வேனியா மாநிலம் கொடுத்த துப்பாக்கி அனுமதி அட்டை சட்டைப்பையில் இருக்கும்போது என்னை எவன் என்ன கேட்பான்? சட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து உன் வாயை அடைப்பது என்று முடிவு செய்து, எங்கள் வேட்டைச் சங்கத்தில் நடந்த சட்ட வகுப்புக்கு நார்மாவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

பாடம் நடத்தியவள் மிஸஸ் ட்ரெக்ஸ்லர், ஓய்வுபெற்ற போலீஸ்காரி. சிரிப்பே வராத முகம்.

"உங்க அட்டை பாலத்துல பாதி வரைக்கும்தான் செல்லும், மிஸ்டர் ஷாஃபர். அந்தப் பக்கம் போனா அது வெறும் அட்டை."

"டிரைவிங் லைசென்ஸ் மட்டும் செல்லுதே?"

"அது கார். இது துப்பாக்கி."

"குண்டை எடுத்துட்டு, பெட்டியில பூட்டி, டிக்கியில வெச்சா?"

"அந்த மாநிலத்தைக் கடந்து, துப்பாக்கி வெச்சுக்க உரிமை இருக்கிற இன்னொரு எடத்துக்குப் போறவங்களுக்குத்தான் அந்தச் சலுகை. நீங்க நடுவுல கல்யாணக் கேக் சாப்பிட எறங்கப் போறீங்க."

நான் விடவில்லை. "நார்மா கைப்பையில போட்டுட்டா?"

"ரெண்டு பேரையும் புடிப்பாங்க. தனித்தனியாத்தான் வெப்பாங்க."

"தனித்தனியான்னா எனக்குச் சம்மதம்" என்றாள் நார்மா. வகுப்பே சிரித்தது. சங்கத் தலைவன் மெர்ல் மேஜையைத் தட்டிச் சிரித்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, பெர்னீஸ். பாலத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்திருக்க, அங்கே சர்ச் வாசலில் அந்தப் பெண் வெள்ளை உடையில் தன்னந்தனியாக நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். தகப்பன் இல்லாத பெண்ணை ஒரு துப்பாக்கிக்காக நிற்கவைத்தால் நான் என்ன மனுஷன்? அப்போதே முடிவெடுத்துவிட்டேன். துப்பாக்கியைக் கழற்றி, வீட்டிலிருக்கும் கனத்த இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கடைசி நேரத்தில் எனக்குப் புத்தி மாறிவிடக் கூடாதே என்று, இருந்த ஒரே சாவியையும் மெர்லிடம் கொடுத்து, நான் காலில் விழுந்து கெஞ்சினாலும் கல்யாணம் முடியும்வரை தரக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவனும் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டான். ஆக, உன் அண்ணன் வெறும் இடுப்போடு, நிமிர்ந்த தலையோடு பாலம் தாண்டி வருவான். எழுதி வைத்துக்கொள்.

லோரெலுக்கு என் முத்தம். உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம், நாய்க்கும் அப்படியே. எல்லோரும் நூறாண்டு நன்றாயிருங்கள்.

உன் அண்ணன்,
எல்வுட் ஷாஃபர்

பி.கு.: அம்மாவின் மோதிரம் எங்கே என்று நார்மா இப்போதுதான் கேட்டாள். பத்திரமாக இருக்கட்டுமென்று அதையும் அந்த இரும்புப் பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறேன். மெர்ல் சாவியோடு மலைமேலே வேட்டைக் குடிசைக்குப் போய்விட்டான், அங்கே போன் எடுக்காது. பூட்டுத் திறக்கிறவனைத் தேடினேன், அவனும் மான் வேட்டைக்குப் போய்விட்டானாம். மோதிரம் வரவேண்டுமானால் பெட்டியோடுதான் வரும். பெட்டி வந்தால் துப்பாக்கியும் வரும். ஆகவே கல்யாணத்தையே பாலத்துக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொள்ள முடியுமா என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டுப் பார். இங்கேயும் நல்ல சர்ச் இருக்கிறது. அதற்குள்ளே துப்பாக்கி கொண்டுபோகலாமா என்பதை மட்டும் மிஸஸ் ட்ரெக்ஸ்லரைக் கேட்டுச் சொல்கிறேன்.