கரடி சடையப்பன் போட்ட பசுமை நடைபாதை

ஒரு காட்டில் சடையப்பன் என்ற கரடிக்குச் சுகர் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? காலையில் தேன், மதியம் தேன், நடுவில் வாய் சும்மா இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் தேன்.

மரங்கொத்தி டாக்டர் அவர் முதுகில் நாலு தட்டுத் தட்டிப் பார்த்தார். "தினமும் குளம் வரைக்கும் நடந்து போய்த் திரும்புங்க. மூணு மாசத்துல சுகர் இறங்கலைன்னா ஆயுசுக்கும் தேன் கிடையாது" என்றார்.

தேன் இல்லாமல் ஒரு வாழ்க்கையா! சடையப்பனுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. மறுநாள் விடிந்ததும் குளத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினார். இரண்டு நாள் ஒழுங்காக நடந்தார். மூன்றாம் நாள் எதிரே அணில் திரவியம் வந்தான்.

"அண்ணே, நீங்க மட்டும் நடந்தா போதுமா? ரெண்டு பக்கமும் மரம் வைப்போம், உக்கார பெஞ்சு போடுவோம். நடந்த மாதிரியும் ஆச்சு, காட்டைக் காப்பாத்தின மாதிரியும் ஆச்சு. பசுமை நடைபாதைன்னு பேரு வைப்போம். ஒரு சங்கம் வேணும். தலைவர் நீங்கதான்."

தலைவர் என்று கூப்பிட்டால் மயங்காத கரடி உண்டா? கரடியை விடுங்கள், இந்தக் கதையைச் சொல்கிறவனே ஒரு சங்கத்தில் துணைத் தலைவன். என்ன சங்கம் என்று கேட்காதீர்கள், அவனுக்கே மறந்துபோச்சு.

சங்கம் அமர்க்களமாக ஆரம்பமானது. எல்லோரும் நடக்க வரும் நேரம் காலைதான் என்பதால் கூட்டத்தையும் காலையிலேயே வைத்தார்கள். பெஞ்சு தேக்கில் செய்வதா மூங்கிலில் செய்வதா என்று முடிவெடுக்கவே பதினோரு நாள் ஆனது. கூட்டம் என்றால் சும்மாவா? தேன் விட்டுப் பிசைந்த தினைமாவு உருண்டை தட்டுத் தட்டாக வந்தது. தலைவர் சாப்பிடாவிட்டால் மற்றவர்கள் கூச்சப்படுவார்களே என்று சடையப்பன்தான் முதல் உருண்டையை எடுப்பார். கடைசி உருண்டையும் அவர்தான், வீணாகிவிடக் கூடாதல்லவா.

"ஏங்க, இன்னிக்காவது நடந்தீங்களா?" என்று மனைவி அஞ்சலை கேட்பாள்.

"விளக்கம் கேக்குற வேலையெல்லாம் சங்கத்துல வச்சுக்க" என்று சடையப்பன் எரிந்து விழுவார்.

நடுவில் நல்ல மழை பெய்தது. ஒருத்தரும் கால் வைக்காத பாதையில் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து கொக்கு அதிகாரி ஆய்வுக்கு வந்தார். ஒற்றைக் காலில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"அடேயப்பா! எத்தனையோ நடைபாதை பார்த்திருக்கேன், எல்லாத்துலயும் மிதிச்சு மிதிச்சு மண்ணுதான் மிச்சம். இங்க ஒரு காலடித் தடம்கூட இல்லையே! இதை இப்படியே காப்பாத்தணும்."

உடனே சடையப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே, நீட்டிய தாளில் படித்துப் பார்க்காமல் நகத்தைப் பதித்தார் அவர்.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "நானூறு!" என்றார்.

"என்னை மாதிரி மடையன் உண்டா டாக்டர்? நடக்காம, நடக்கிறதைப் பத்திப் பேசியே காலத்தை ஓட்டிட்டேன். பத்து நாள் கொடுங்க" என்று சடையப்பன் தேம்பினார். டாக்டர் மனமிரங்கி, "பத்தே நாள். ஒரு நாள் விட்டாலும் தேன் அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் விடியும்போதே சடையப்பன் பாதைக்கு ஓடினார். குறுக்கே முள்வேலி போட்டிருந்தது. வேலியில் ஒரு பலகை: 'பாதுகாக்கப்பட்ட பசுமை நடைபாதை. இங்கு நடப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, தலைவர்.' கீழே அவருடைய நகக்குறி.

"அடப்பாவி, இதுக்கா நான் நகம் வச்சேன்!" என்று அவர் அலறியதைக் கேட்டு மரத்திலிருந்து திரவியம் இறங்கி வந்தான்.

"சட்டம் போட்ட தலைவரே ரத்து பண்ணா நல்லா இருக்காதுண்ணே. நீங்க ராஜினாமா பண்ணுங்க. புதுத் தலைவர் வந்து வேலியைப் பிரிக்கச் சொல்லிடுவார். நாளைக்கே நடக்கலாம்."

சடையப்பன் வேலியைப் பார்த்தார். பலகையில் 'தலைவர்' என்ற எழுத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு வீட்டுக்குத் திரும்பினார்.

"அஞ்சலை, வீட்டுல இருக்கிற தேனையெல்லாம் அக்கம்பக்கத்துல குடுத்துடு" என்றார், பொன்னாடையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நீதி: காட்டில் ஒருவரும் கால் வைக்கக் கூடாது என்றால், அங்கே நடப்பதற்கு ஒரு சங்கம் ஆரம்பியுங்கள்.