ஆடாத தொட்டி

ஒரு காட்டில் அருவி வற்றிப்போய், குகைக்குக் குகை குளியலறை வந்துவிட்ட காலம். நான்கு நாளைக்கு ஒருமுறை வனக்குழுவின் யானை வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகும். அங்கே நாச்சிமுத்து என்றொரு கரடி இருந்தது. தேனுக்காக மரம் ஏறி ஏறி அதற்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒருமுறையாவது கழுத்தளவு வெந்நீரில் காலை நீட்டிப் படுக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை. பெரிய ஆசை இல்லை. கரடிதான் பெரிது.

குளியலறையை இடித்துக் கட்டும்போது, மூன்று பக்கமும் சுவர் உள்ள ஒதுக்குப்புறத்தில் ஒரு தொட்டி வைக்க முடிவாயிற்று. பக்கத்துக் குகை நரி காசியும் அதே வாரம் தொட்டி வாங்கியது. கொண்டுவந்து பார்த்தால் நான்கு விரற்கடை குட்டை. சுவரோர இடைவெளியில் பழைய சாக்கைத் திணித்து, அடியில் நான்கு செங்கல் துண்டுகளை முட்டுக்கொடுத்து, அன்று சாயங்காலமே இறங்கிப் படுத்துவிட்டது.

நாச்சிமுத்துவுக்கு அதெல்லாம் ஆகாது. சுவருக்குச் சுவர் மூன்று முறை அளந்தது. தண்ணீர் போகும் துளை எந்தப் பக்கம் வரவேண்டும் என்று ஒரு வாரம் யோசித்தது. கடையில் பதினோரு தொட்டிகளில் படுத்துப் பார்த்தது. பன்னிரண்டாவதில் தூங்கிவிட்டது. அதையே வாங்கியது.

வேலைக்கு வந்த நீர்நாய் மேஸ்திரி, "தொட்டிக்குத்தான் கால் இருக்குதுங்களே அண்ணா, அப்படியே வெச்சுரலாம்" என்றது.

"நானும் தண்ணியும் சேந்தா ஏழு மூட்டை சிமென்ட் கனம். நாலு காலு தாங்குமா? அடி முச்சூடும் கலவை படோணும்."

மேஸ்திரி முனகிக்கொண்டே தொட்டியின் விளிம்பைத் தாங்கப் பின்சுவரில் கட்டை அடித்து, தரையில் கலவையைப் பரப்பி, ஈரம் காயுமுன் தொட்டியை இறக்கி அழுத்தியது. ரசமட்டத்தை நாலா பக்கமும் வைத்துப் பார்த்தது. குமிழி இம்மி அசையவில்லை. "இன்னிக்குத்தான் யானை வந்துட்டுப் போச்சு. மூணு நாளைக்குத் தொட்டியில தண்ணிய ரொப்பி வையுங்க. அப்பத்தான் கலவை ஒரே மட்டமா இறுகும்" என்று சொல்லிவிட்டுப் போனது.

மூன்று நாளும் கரடிக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. மனைவி பொன்னுத்தாயி வாசலை மறித்தது.

"குளிக்கறதுன்னா குளிங்க. தொட்டித் தண்ணியில மட்டும் கை வெச்சுராதீங்க. யானைக்குக் காலு சுளுக்காம், இனி வெள்ளிக்கெழமைதான் வருதாம்."

"அது நான் படுக்க வாங்குன தொட்டி புள்ள!"

"படுக்கக் கட்டில் இல்லீங்களா? பதினெட்டுக் கொடம் தண்ணி நிக்குது. ஒரு சொட்டு ஒழுகுல, ஒரு பக்கம் சாயல. இந்தக் காட்டுல இப்படியொரு தொட்டி யாரு ஊட்ல இருக்குது, சொல்லுங்க?"

கரடிக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாளித் தண்ணீரைச் சொம்பால் மொண்டு குளித்தது. வெள்ளிக்கிழமை யானை வந்தது. பொன்னுத்தாயி தொட்டியை மறுபடி விளிம்புவரை ரொப்பி, மேலே பலகை போட்டு மூடியது.

சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டி கிறீச் கிறீச்சென்றது. நரி பாடிக்கொண்டிருந்தது.

"காசி, உன்ர தொட்டியில தண்ணி புடிச்சு வெக்கறதில்லையா?"

"ஆருங்ணா நம்பி வெப்பாங்க? ரொப்புனா ஆடுது. 'உருப்படாத தொட்டி, நீயே கெடந்து ஊறு'ன்னு ஊட்டுக்காரி உட்டுட்டா!"

மறுநாள் பொன்னுத்தாயி கிழங்கு தோண்டப் போன நேரம் பார்த்து, கரடி உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, தொட்டியைக் கொஞ்சம் ஆடவைக்க அதன் அடியைக் குடைந்தது. ஒரு மணி நேரம் தட்டியும் கலவையில் ஒரு துகள் உதிரவில்லை. அவ்வளவு நேர்த்தியான வேலை. உளி மழுங்கியது, இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆந்தை வைத்தியர் வந்து தடவிப் பார்த்து, தினமும் வெந்நீரில் அரைமணி நேரம் படுக்கச் சொன்னார்.

கரடி வெட்கத்தை விட்டு, துண்டோடு போய் நரியின் கதவைத் தட்டியது.

"செத்த நேரம் உக்காருங்ணா" என்றது நரி. "மேஸ்திரி உள்ள படுத்திருக்காரு. அவரு ஊட்லயும் கலவை போட்ட தொட்டிதானுங்."

நீதி: உனக்கென்று ஒன்று வேண்டுமானால், அதைக் கொஞ்சம் ஆடும்படி வை. ஆடாமல் நிற்பதெல்லாம் குடும்பத்துக்குப் போய்விடும்.